குவைத்தில் ஒன்பது மணி நேரம்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அன்னை தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, தூய பேதுரு வளாகத்தில் வெயிலில் நின்றிருந்த பல்லாயிரம் பேருள் நானும் ஒருவன். அந்த நாளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது திரும்பி வந்த வழியைப் பற்றி.

பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்ததால் குவைத் வழியாக வந்தேன். அங்கே அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதை அறிந்த எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், லவுஞ்ச் என்று சொல்லுகிறார்களே, அந்த ஓய்வுக்கூடத்துக்கான அனுமதிச் சீட்டு ஒன்றைத் தம் செலவில் வாங்கி அனுப்பியிருந்தார். அவர் வளைகுடாவில் பொறியாளர். "வெளியில் ஒன்பது மணி நேரம் உட்கார உங்களால் முடியாது ஃபாதர்" என்று தொலைபேசியில் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவருடைய அன்புக்காகவே மறுக்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். எனக்கு முதுகுவலி உண்டு. குருக்களுக்கே உரிய வேறொரு நோயும் உண்டு. அது முன்வரிசை நாற்காலிப் பழக்கம். திருமண வீடாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும் எங்களுக்கென ஒரு நாற்காலி தனியே போடப்பட்டிருக்கும். அதில் உட்கார்ந்து பழகிய பின், நிற்பவர்களைக் காணும் கண் மெல்ல மெல்ல மங்கிவிடுகிறது.

கூடம் நான் எண்ணியதுபோல் பளபளப்பாக இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கும். காப்பிக்கொட்டை நிறத் தோல் சோபாக்கள் நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தன. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. தரைவிரிப்பு மற்ற இடங்களில் சிவப்பாகவும், வாசலிலிருந்து உணவு மேசைக்குப் போகும் வழியில் மட்டும் சாம்பல் நிறமாகவும் இருந்தது. புல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுந்திருப்பதுபோல. தொலைபேசிக்கென்று சுவரில் அமைத்த மாடத்தில் தொலைபேசி இல்லை. பிளாஸ்டிக் ஈச்சஞ்செடி ஒன்று இருந்தது. இருக்கைகளின் கைப்பிடியில், புகைபிடிப்போர் சாம்பல் தட்டுவதற்காக அந்த நாளில் வைத்த பித்தளை மூடிகள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே மிட்டாய்த் தாள்கள். மது அந்த நாட்டில் கிடையாது. பருப்பு சூப், பேரீச்சம்பழம், நறுக்கிய வெள்ளரிக்காய், கொண்டைக்கடலை மசியல், துணி மூடிய கூடையில் ரொட்டி. பழைய ஆயர் இல்லம் ஒன்றின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு ஏற்பட்டது. சுவரில் திருத்தந்தையின் படம் ஒன்றுதான் குறை.

அந்த விமான முனையம் 1979-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஜப்பானியரான கென்ஸோ டாங்கே. அவர் பெயர் எனக்குக் குருமடத்திலேயே அறிமுகமாகியிருந்தது. திருவழிபாட்டுக் கலை வகுப்பில் பேராசிரியத் தந்தை காட்டிய படங்களுள் டோக்கியோவின் தூய மரியா பேராலயமும் ஒன்று. பழைய மரக் கோயில் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோக, அவ்விடத்தில் டாங்கே எழுப்பிய பேராலயம் 1964-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. எட்டுச் சுவர்கள் வளைந்து உயர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். அவற்றின் இடைவெளி வழியாக ஒளி இறங்கும். வானிலிருந்து பார்த்தால் அது சிலுவை. 2005-இல் டாங்கே இறந்தபோது அவருடைய இறுதிச் சடங்கும் அங்கேயே நடந்தது. குவைத் முனையத்தையோ அவர் விமானத்தின் சாயலில் அமைத்தார். ஒரே கைதான் ஓரிடத்தில் சிலுவையையும் இன்னோரிடத்தில் விமானத்தையும் வரைந்திருக்கிறது. முனையத்தின் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு விமானம் தெரிவதில்லை. இதை ஒரு மறையுரையாக்கிவிடலாம் என்று அப்போதே தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை.

ஆனால் டாங்கேயின் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே இந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் என் அண்ணன். "பெரிய மண்டபம் தம்பி! நம்ம கோயில் மாதிரி பத்து உள்ளே அடங்கும்" என்று முதல் விடுமுறையில் வந்து சொன்னார். 1986-இல் லாரி ஓட்டுநராகக் குவைத் சென்றவர் அவர். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எங்கள் கடற்கரைச் சிற்றூரில் அப்பாவின் படகு கடனுக்குப் போன பிறகு, வீட்டுக்கு ஓடு வேய்ந்ததும், அக்காளைக் கட்டிக்கொடுத்ததும், என்னைக் குருமடத்துக்கு அனுப்பியதும் அவருடைய தினார்கள்தாம்.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் நான் மெய்யியல் மாணவன். ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தி உணவறை வானொலியில் வந்தது. அதன் பின் ஏழு வாரங்கள் அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா நாள்தோறும் மாதா கெபியின் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லி, முழங்காலில் புண் வந்து, அதன் பிறகு நின்றுகொண்டு சொன்னார்கள். அந்த ஆண்டு ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் குவைத்திலிருந்து தாயகம் திரும்பினார்கள். பெரும்பாலோர் சாலை வழியாகப் பாக்தாது சென்று, அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் எல்லையை அடைந்து, அம்மான் நகரில் ஏர் இந்தியா விமானம் ஏறியவர்கள். அண்ணனும் அப்படியே செப்டம்பர் இறுதியில் வந்து சேர்ந்தார். ஒரு போர்வை, ஒரு கைப்பை, பம்பாயில் யாரும் மாற்றித் தர மறுத்த சில தினார் தாள்கள். வழியில் என்ன நடந்தது என்று அம்மா கேட்டபோது, "வந்துட்டேன்ல" என்றார். அவ்வளவுதான்.

வந்தவரிடம் ஒரு மாறுதல் இருந்தது. ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருவார். திருமுழுக்குத் தொட்டியருகே தூணைப் பற்றிக்கொண்டு நிற்பார். நற்கருணை வழங்கும் நேரத்தில் வெளியே போய்விடுவார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. சிற்றூரில் எதுவும் நெடுநாள் கவனிக்கப்படாமல் இராது.

1998-இல் எனக்குக் குருப்பட்டம் கிடைத்தது. திருக்கிண்ணத்தை அண்ணன் வாங்கித் தந்தார். வெள்ளிக் கிண்ணம், உள்ளே பொன் பூச்சு. எங்கள் வீட்டுத் தகுதிக்கு அது மிகுதி என்று நானே நினைத்தேன். மறுநாள் சொந்த ஊரில் முதல் நன்றித் திருப்பலி. அம்மாவுக்கு நற்கருணை கொடுத்தேன். அக்காள், அத்தான், அண்ணிக்குக் கொடுத்தேன். அண்ணன் வரிசையில் வரவில்லை. நானே பாத்திரத்தோடு தூணருகே நடந்து சென்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக் குனிந்துகொண்டார். ஊரே பார்த்தது.

அன்று எனக்கு ஏற்பட்ட மனக்காயத்தை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. குவைத்தில் ஏதோ தகாத வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில் அதே ஊரில் மறையுரை ஆற்ற அழைத்தபோது, நெடுங்காலம் ஒப்புரவு அருள்சாதனத்தை அணுகாதவர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். யாருக்குப் பேசினேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். குருப்பட்ட நாளிலிருந்து அவர் என்னைத் "தம்பி" என்று அழைப்பதை விட்டு, ஊர் வழக்கப்படி "சாமி" என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். சாமியிடம் தம்பியிடம் பேசுவதுபோல் பேச முடியாது. 2011-இல் ஓர் இரவு மாரடைப்பில் போய்விட்டார். நான் போய்ச் சேருவதற்குள் உடல் குளிர்ந்துவிட்டது. கிண்ணம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை அதன் பிறகே அண்ணி சொன்னார்கள். குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு, ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து வழங்கிய பணம் அது. அதில் ஒரு காசைக்கூட வீட்டுச் செலவுக்குத் தொடவில்லையாம்.

ஓய்வுக்கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடுதளம் தெரிந்தது. வெயிலில் அது ஈரம்போல் மின்னியது. 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் அதிகாலை, படையெடுப்புத் தொடங்கிவிட்ட பிறகு அங்கே ஒரு விமானம் வந்து இறங்கியது. அது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149. இலண்டனிலிருந்து குவைத், சென்னை வழியாகக் கோலாலம்பூர் செல்ல வேண்டியது. சென்னைக்கு வர வேண்டியவர்களும் அதில் இருந்தார்கள். விமானம் மீண்டும் எழவேயில்லை. போர் முடிவதற்குள் அந்தத் தரையிலேயே அழிக்கப்பட்டது. பயணிகளில் பலர் பிணையாளிகளாக்கப்பட்டு, தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய இடங்களில் மனிதக் கேடயங்களாக வைக்கப்பட்டனர். சிலர் டிசம்பரில்தான் விடுதலையானார்கள். படை நுழைந்த செய்தியைக் குவைத்திலிருந்த தூதர், விமானம் இறங்குமுன்பே இலண்டனுக்குச் சொல்லியிருந்தார். அது விமான நிறுவனத்துக்குச் சொல்லப்படவில்லை. இதை பிரிட்டிஷ் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2021-இல். ஓர் அரசுக்கே ஒரு வார்த்தை சொல்ல முப்பத்தோராண்டு பிடித்திருக்கிறது.

மாலையில் பசித்தது. சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டேன். வளைகுடாவில் அந்த ரொட்டியை நம்மவர்கள் குப்பூஸ் என்பார்கள்; உப்பி, தட்டையாகி, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடித்திருக்கும். பாதியைத் தட்டில் வைத்துவிட்டேன். மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் வந்து தட்டை எடுத்தார். எச்சில் இலைக்கீரையையும் தாளையும் ஒரு பையில் கொட்டினார். ரொட்டித் துண்டை மட்டும் தனியே எடுத்து, உதட்டில் தொட்டு, இடுப்பில் செருகியிருந்த வேறொரு வெள்ளைப் பையில் போட்டார்.

என் அண்ணன் இப்படித்தான். தோசையோ பன்னோ கீழே விழுந்தால் யார் முன்பும் கூசாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்னையறியாமல் தமிழில், "எதற்கு அது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் சட்டைப் பையில் குத்தியிருந்த சிறு சிலுவையையும் பார்த்தார். "ஃபாதருங்களா? எந்த ஊரு?" என்றார். அவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், இசுலாமியர். "ரொட்டியைக் குப்பையில போடக்கூடாது ஃபாதர். பறவைங்களுக்குப் போட்டுருவேன். எங்க வழக்கம்" என்றார். சற்று நின்று, "எனக்கு வழக்கம் மட்டும் இல்ல" என்றார்.

உட்காருங்கள் என்று எதிர் இருக்கையைக் காட்டினேன். கூரை மூலையைக் கண்ணால் காட்டினார். "கேமரா இருக்கு. பதினாலு வருஷம் ஆச்சு, இந்த சோபாவுல உட்கார்ந்தது கிடையாது." அப்படியானால் நான் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, எழுந்தேன். அவர் துடைத்த மேசையையே மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காலிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

1990-இல் அவருக்குப் பத்தொன்பது வயது. பக்காலா என்று அங்கே சொல்லும் மளிகைக் கடையில் எடுபிடி வேலை. ஆகஸ்டு கடைசியில் பேருந்தில் பஸ்ரா, பிறகு பாக்தாது, பிறகு எல்லை. எல்லைப் பாலைவனத்தில் கூடாரங்கள். கூடாரம் கிடைக்காதவர்களுக்குப் போர்வையை நான்கு குச்சியில் கட்டிய நிழல். இந்தியர், வங்காளதேசத்தார், இலங்கையர், பிலிப்பைன்சுக்காரர் என்று ஆயிரமாயிரம் பேர். பகலில் மணல் சுடும், இரவில் குளிரும். தண்ணீர் வண்டி வந்தால் ஒரு வரிசை, அது அரைமணியில் கலைந்து ஒரு சண்டை.

"ரொட்டி லாரியில வரும் ஃபாதர். நிறுத்தி இறக்கினா லாரியையே சாய்ச்சுருவாங்கன்னு, ஓட்டிக்கிட்டே மேலேருந்து எறிவாங்க. புடிச்சவனுக்குத்தான் ரொட்டி. மூணாவது நாளு. எனக்கு ஒண்ணும் கிடைக்கல. ஒரு பெரியவர் புடிச்சிருந்தாரு. நம்ம பக்கத்து ஆளா, வடக்கத்தியான்னு தெரியல. கிழவன்னு இல்ல, ஆனா என்னைவிட ரொம்பப் பெரியவரு. நான் அவரு கையிலேருந்து புடுங்கினேன். அவரு விடல. நான் கையைக் கடிச்சேன்."

துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"திட்டல ஃபாதர். என்னைப் பார்த்தாரு, அவ்வளவுதான். மறுநாள் தேடினேன், ரெண்டு துண்டு சேர்த்து வச்சிருந்தேன் கொடுக்கணும்னு. ஆளைக் காணல. பேரு தெரியாது. பின்னாடி ஹஜ்ஜுக்குக்கூடப் போய் வந்துட்டேன். அங்கேயும் அந்தக் கையைத்தான் பார்த்தேன்."

வாசகரே, குருமடத்தில் அறநெறி இறையியல் தேர்வில் இந்தப் பாடத்துக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. உயிர் போகும் தேவையில் பிறருடைய பொருளை எடுப்பவன் திருடன் ஆகமாட்டான் என்பது தூய தாமசு அக்குவினாரின் தெளிவான போதனை. அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் அதற்கு ஒரு வரையறை சொல்வார்கள்: அதே அளவு தேவையில் இருப்பவனிடமிருந்து எடுக்கலாகாது. இரண்டையும் மேற்கோள்களோடு எழுதினேன். மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரிடம் முதலாவதைச் சொன்னால் அது பொருந்தாது. இரண்டாவதைச் சொல்ல நா எழவில்லை. பாவமன்னிப்பு வழங்கவும் எனக்கு அங்கே இடமில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. "எனக்குச் சொன்னீர்களே" என்று மட்டும் சொன்னேன். அது ஒரு பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர்தாம் கேட்டார்: "உங்க அண்ணன் என்ன சொன்னாரு ஃபாதர்?"

"ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை."

அண்ணனும் அப்படி ஒன்றைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடமிருந்து யாரேனும் பறித்திருக்கலாம். பறிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். அல்லது அவர் நற்கருணை வாங்காததற்கும் பாலைவனத்துக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். 1990-இலிருந்து 2011 வரை இருபத்தோர் ஆண்டுகள். அதில் பதின்மூன்று ஆண்டுகள் நான் குரு. ஊர் ஊராகச் சென்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, அறியாத மனிதர்களின் சொற்களுக்கெல்லாம் காது கொடுத்தேன். அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி, அதையும் தம்பியாக, திண்ணையில் உட்கார்ந்து, கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் தவக்கால மறையுரை ஆற்றினேன்.

விமானத்துக்கு நேரமானபோது அவர் வாசல்வரை வந்தார். தாளில் சுற்றிய இரண்டு குப்பூசுகளைக் கையில் திணித்தார். "புதுசு ஃபாதர், எச்சில் இல்ல. உங்க அண்ணன் பேரைச் சொல்லுங்க, துவா செய்றேன்." சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கீழே, விமானத்துக்கான வாயிலருகே, வீட்டு வேலைக்கு வந்து ஊர் திரும்பும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் கறுப்பு அங்கியை விரித்துப் படுத்திருந்தார்கள். பைகளின் வாரைக் காலில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு முன் அதே வழியாகத்தான் ஓய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறேன். அப்போதும் யாராவது படுத்திருந்தார்களா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. 2018-இல் அந்த விமான நிலையத்தில் புதிய முனையங்கள் இரண்டு திறக்கப்பட்டன. அந்தச் சோபாக்கள் இப்போது எங்கே கிடக்கின்றனவோ.

ஊர் வந்ததும் குப்பூசுகளை அண்ணியிடம் கொடுத்தேன். காய்ந்து விறைத்திருந்தன. "இதுதானா அது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அதுவரை கண்டதில்லையாம். அண்ணன் நற்கருணை வாங்காததைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன். "எங்கிட்டேயும் சொன்னதில்ல சாமி. தூக்கத்துல சில நாள் கையை நீட்டிக்கிட்டே எழுந்து உட்காருவாங்க. கொடுக்கிற மாதிரியும் இருக்கும், வாங்கிற மாதிரியும் இருக்கும். நான் புடிச்சு மடக்கி விடுவேன்" என்றார்கள்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு அண்ணனின் கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். கருத்துகள் எழுதும் ஏட்டில் அண்ணன் பெயரை எழுதி, அதன் கீழ் "பெரியவர் ஒருவர்" என்று எழுதினேன். கோயில்பிள்ளை ஏட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"இவர் பேரு என்ன சாமி?"

"தெரியாது."

"உயிரோட இருக்கிறவங்க பட்டியல்லயா, இறந்தவங்க பட்டியல்லயா?"

அதுவும் தெரியாது என்றேன். அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு எழுதுகோலை எடுத்து, இரண்டு பட்டியலுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் எழுதிக்கொண்டார்.